காலையில் ரசீது! மாலையில் லாரி!

நமது நாட்டு முனிசிபாலிட்டிகளுக்குச் சுறுசுறுப்பு என்பது எப்பொழுதாவது ஒரு சமயத்தில்தான் வருவது வழக்கம். சாக்கடை உடைந்து தெருவில் ஓடினால் அது வருவதில்லை. குழாயில் தண்ணீர் இல்லாமல் பெண்கள் குடத்தோடு காத்துக் கிடந்தாலும் வருவதில்லை. தெருவிளக்கு மூன்று மாதம் எரியாமற் போனாலும் வருவதில்லை. ஆனால் மந்திரி ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றாலும், கமிஷனர் ஒருவர் புதிதாக வேலை ஒப்புக்கொண்டார் என்றாலும், பெரிய மனிதர் ஒருவருடைய மோட்டார் கார் கடைவீதியில் ஐந்து நிமிஷம் நின்று போகும்படி ஆகிவிட்டது என்றாலும், அந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்தோ வந்து குதித்துவிடுகின்றது. வந்தது யார்மேல் பாய்கின்றது என்று பார்த்தால், கீரைக் கூடையுடன் உட்கார்ந்திருக்கும் கிழவியின் மேலும், வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரர் மேலும், இட்லிச் சட்டியை ஏற்றி வைத்திருக்கும் அம்மாள் மேலும், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மேலும்தான் பாய்கின்றது. லாரி வருகிறது. தராசு பறக்கின்றது. தக்காளி தெருவில் உருளுகின்றது. வண்டி லாரியில் ஏறுகின்றது. மறுநாள் பத்திரிகைகளில் “ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன” என்று பெரிய எழுத்தில் சேதி வருகின்றது. ஊரார் அதைப் படித்துவிட்டு, “அப்பா! ஊர் சுத்தமாயிற்று” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, மாலையில் கீரை வாங்க அந்தக் கிழவியைத் தேடுகிறார்கள்.

இந்த ‘ஆக்கிரமிப்பு’ என்ற வார்த்தையைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். ஏரியை வளைத்து மண் கொட்டி மனை போட்டு விற்றவன் செய்ததற்கும் ஆக்கிரமிப்பு என்றுதான் பெயர். 4 அடிக் கோணிச் சாக்கை விரித்து 10 கட்டுக் கீரை வைத்திருப்பவள் செய்வதற்கும் அதே பெயர்தான். ஆனால் முன்னவன் பட்டா வேண்டுமென்று மனுப்போட்டுவிட்டு மெத்தையில் தூங்குகிறான். பின்னவளோ லாரிச் சத்தம் கேட்டவுடன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடுகிறாள். பெயர் ஒன்றாயிருக்க, நடத்துகிற விதம் மாத்திரம் இப்படி இரண்டாயிருப்பதற்குக் காரணம் என்ன என்று கேட்கின்றோம். முன்னவனிடம் பணம் இருக்கின்றது, பின்னவளிடம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல யாராலாவது முடியுமா?

அதுதான் போகட்டும் என்றால், இதில் இருக்கிற பெரிய வேடிக்கை ஒன்றைப் பாருங்கள். நம் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் சந்தையிலும் கடைவீதியிலும் தரையில் வைத்து விற்பவர்களிடம் தினசரிச் சுங்கம் வசூலிக்கிற உரிமையை முனிசிபாலிட்டியோ பஞ்சாயத்தோ வருஷத்திற்கு ஒரு முறை ஏலம் விடுகின்றது. ஏலம் எடுத்த குத்தகைக்காரரின் ஆள் காலையில் வருகிறான். பணத்தை வாங்கிக்கொண்டு துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறான். அந்தப் பணத்தில்தான் ஏலத்தொகை கட்டப்படுகின்றது. அந்த ஏலத்தொகைதான் முனிசிபாலிட்டியின் வரவு செலவுக் கணக்கில் வரவாக ஏறுகின்றது. ஆகவே, காலையில் அந்த அம்மாள் முனிசிபாலிட்டிக்கு வாடகை கொடுத்த குடித்தனக்காரி. அதே நாள் மாலையில் அதே முனிசிபாலிட்டியின் லாரி வந்து நிற்கும்போது அவளே ஆக்கிரமிப்புக்காரி!

இதற்கு என்ன அர்த்தம்? அவள் உட்கார்ந்தது குற்றமானால் அந்த இடத்திற்குக் காலையில் வாடகை வாங்கினவன் யார்? திருட்டுச் சாமானுக்குச் சுங்கம் வாங்கிக்கொண்டு, பிறகு திருடனென்று பிடிக்கிற சர்க்கார் உலகத்தில் எங்காவது உண்டா? அவள் உட்கார்ந்தது குற்றமல்லவென்றால் மாலையில் லாரியை அனுப்பினவன் யார்? இரண்டில் ஒன்று யோக்கியமான காரியமாயிருக்கலாம். இரண்டும் எப்படி யோக்கியமான காரியமாயிருக்க முடியும்?

டெல்லி சர்க்காரின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. கொரோனாக் காலத்தில், 2020ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், தெருவில் விற்பவர்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே ‘ஸ்வநிதி’ என்று ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கடன் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. ‘நீ தெருவில் விற்கிறவள்தான்’ என்பதற்குச் சான்று காட்டினால்தான் அந்தக் கடன். அதாவது, ஒரு கை ‘தெருவில் விற்பாயாக’ என்று முதல் கொடுக்கின்றது. இன்னொரு கை ‘தெருவில் விற்றாயே’ என்று அந்த முதலைப் பிடுங்கி லாரியில் ஏற்றுகின்றது. கடனை மாத்திரம் அவள் தவணை தவறாமல் கட்டவேண்டும்!

நிற்க. ஒரு தள்ளுவண்டியைப் பறிமுதல் செய்வதென்றால் என்ன என்பது சம்பளக்காரர்களுக்குத் தெரிய நியாயமில்லையாதலால் அதைச் சற்று விவரிக்கின்றோம். காய்கறி விற்கும் ஒருவர் விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து, கோயம்பேட்டுக்கோ, திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கோ, மாட்டுத்தாவணிக்கோ போய்ச் சரக்கு எடுக்கிறார். அதற்குக் கைம்முதல் ஏது? பெரும்பாலும் தண்டல்தான். தண்டல்காரர் 1000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 100 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு, 900 கொடுப்பார். நாள் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். 900க்கு 100தானே, நூற்றுக்கு 11 வட்டி என்று நினைக்கிறவர்கள் மறுபடியும் கணக்குப் போடவேண்டும். மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், அவர் கையில் சராசரி நிற்பது பாதிப் பணந்தான். வருஷக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 75க்கு மேல் வட்டியாகின்றது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே செய்யப்பட்டது. அது புத்தகத்தில் இருக்கின்றது. தண்டல்காரர் தெருவில் இருக்கிறார்.

இப்படி வாங்கின சரக்கும், அதை ஏற்றி வந்த வண்டியும், தராசும், படிக்கல்லும் ஒரே நாளில் லாரியில் ஏறிவிட்டால் அவருக்கு நஷ்டமாவது ஒரு நாள் வரும்படியல்ல. முதலே போய்விட்டது. மறுநாள் தண்டல்காரர் வந்து நிற்பார். வண்டி வாடகை வண்டியாயிருந்தால் அதன் சொந்தக்காரரும் வந்து நிற்பார். அதற்காக இன்னொரு தண்டல். அதை அடைக்க மற்றொரு தண்டல். ஒரு உத்தியோகஸ்தர் தவறு செய்தால் அவருக்குக் கிடைப்பது மாற்றல். வாய்தா, அப்பீல், பாதிச் சம்பளம் எல்லாம் அவருக்கு உண்டு. கீரைக்காரிக்கோ விசாரணையுமில்லை, வாய்தாவுமில்லை. தீர்ப்பும் தண்டனையும் லாரியிலேயே கூட வந்துவிடுகின்றன.

“ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கின்றதல்லவா?” என்று சிலர் கேட்கலாம். நாமும் அதையேதான் கேட்கின்றோம்! நம் தெருக்கடைக்காரத் தோழர்களில் பலர், சட்டம் என்றால் அது தங்களுக்கு விரோதமானதாகத்தான் இருக்குமென்று நினைத்துக்கொண்டு, அதன் பெயரைச் சொன்னாலே நடுங்குகிறார்கள். இந்த விஷயத்தில் சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கத்திலேயே இருக்கின்றது. அது அவர்களுக்குத் தெரியாமலிருப்பதில்தான் மற்றவர்களுக்குப் பிழைப்பு நடக்கின்றது.

1989ஆம் வருஷத்திலேயே சுப்ரீம் கோர்ட்டார், டெல்லித் தெருக்கடைக்காரர்களின் வழக்கொன்றில், நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டத்தின் 19ஆவது விதி கொடுக்கிற தொழில் செய்யும் உரிமையில் சேர்ந்ததே என்றும், நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு அது நடக்கலாம் என்றும், ஒழுங்குபடுத்தி நடத்தினால் அது பொதுஜனங்களுக்கு சௌகரியமே என்றும் கருத்துச் சொன்னார்கள். 2010இல் மற்றொரு வழக்கில், இதற்கென்று ஒரு சட்டம் செய்யுங்கள் என்று சர்க்காருக்குக் கெடு வைத்தார்கள். கெடு கழிந்து, போராட்டங்கள் பல நடந்து, கடைசியாக 2014ஆம் வருஷத்தில் பார்லிமெண்டில் தெரு வியாபாரிகளின் ஜீவனோபாயத்தைப் பாதுகாப்பதற்கும் ஒழுங்குபடுத்துவதற்குமான சட்டம் நிறைவேறியது. அவ்வருஷம் மே மாதம் 1ஆம் தேதி முதல் அது அமுலுக்கு வந்தது. பெயரிலேயே முதலில் ‘பாதுகாப்பு’ என்றும் பிறகுதான் ‘ஒழுங்கு’ என்றும் இருப்பதைக் கவனியுங்கள். நமது முனிசிபாலிட்டிகளுக்கு முதல் பாதி கண்ணில் படவில்லை போலும்.

அச்சட்டம் என்ன சொல்லுகின்றது? வாசகர்கள் இதைத் தெருக்கடைக்காரர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும் என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம்.

ஒன்று. ஊரில் இருக்கிற தெரு வியாபாரிகள் எல்லோரையும் முதலில் கணக்கெடுக்கவேண்டும். ஐந்து வருஷத்திற்கு ஒரு முறையாவது எடுக்கவேண்டும். அந்தக் கணக்கு முடிந்து, எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கப்படும் வரையில், ஒருவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. இது 3ஆவது பிரிவு.

இரண்டு. கணக்கில் வந்த எல்லோருக்கும் விற்பனைப் பகுதியில் இடம் கொடுக்கவேண்டும். ஊர் ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டரை என்பது வரம்பு. ஒரு லட்சம் ஜனங்கள் இருக்கிற ஊரானால் 2,500 பேர் வரையில் என்று ஆகின்றது.

மூன்று. ஊர்தோறும் விற்பனைக் குழு ஒன்று இருக்கவேண்டும். கமிஷனர் அல்லது நிர்வாகத் தலைவர் அதற்குத் தலைவர். அங்கத்தினர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்கவேண்டும். அவர்களைத் தெரு வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாயிருக்கவேண்டும்.

நான்கு. சட்டப்படி அப்புறப்படுத்த வேண்டிய அவசியம் வந்தாலும், 30 நாள் முன்னதாக நோட்டீசு கொடுக்கவேண்டும். இது 18ஆவது பிரிவு.

ஐந்து. சாமானைப் பறிமுதல் செய்தால், அந்த இடத்திலேயே ஜாபிதா எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கொடுக்கவேண்டும். அழுகிப்போகக்கூடிய சரக்கானால் கேட்ட அன்றைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். மற்றச் சாமானானால் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். இது 19ஆவது பிரிவு.

ஆறு. சான்றிதழின் நிபந்தனைப்படி தொழில் செய்கிறவர்களைப் போலீசாரோ வேறு யாருமோ தடுக்கக் கூடாது. இது 27ஆவது பிரிவு.

இவ்வளவும் சட்டம். தமிழ்நாட்டில் 2015இல் இதற்கு விதிகளும் திட்டமும் வகுக்கப்பட்டன. இனி, உங்கள் ஊரில் நடப்பதோடு இதை வைத்துப் பாருங்கள். லாரியோடு வந்தவர் எப்போதாவது ஜாபிதா எழுதினாரா? அழுகும் சரக்கை அன்றைக்கே திருப்பிக் கொடுத்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? விற்பனைக் குழு என்று ஒன்று இருப்பது குழுவில் இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்களுக்காவது தெரியுமா? எத்தனை ஊர்களில் தெரு வியாபாரிகள் ஓட்டுப் போட்டார்கள்? கணக்கெடுப்பு என்றால், எடுக்க வந்த நாளில் காய்ச்சலாகப் படுத்திருந்தவள் கணக்கில் இல்லை. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போகிறவளும் கணக்கில் இல்லை. ஆனால் கவுன்சிலருக்கு வேண்டியவர்களின் பெயர், தெருவையே மிதிக்காதவர்களாயிருந்தாலும், கணக்கில் ஏறிவிடுகின்றது என்ற புகார் ஊருக்கு ஊர் கேட்கின்றது. சான்றிதழ் கைக்கு வந்தவர்களுக்கோ அட்டை இருக்கின்றது, இடம் இல்லை. அட்டையைக் காட்டினால் ‘அது இந்தத் தெருவுக்கு இல்லை’ என்கிறார்கள். ‘எந்தத் தெருவுக்கு?’ என்றால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இச்சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கின்றது. தெரு வியாபாரி நிபந்தனையை மீறினால் 2,000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கின்றது. நோட்டீசு இல்லாமல், ஜாபிதா இல்லாமல், கணக்கெடுக்காமல் அடித்துப் பிடுங்கின உத்தியோகஸ்தருக்கு என்ன அபராதம் என்று தேடிப் பார்த்தால், ஒன்றையும் காணோம். ரயில்வே நிலங்களையும் வண்டிகளையும் இச்சட்டம் தொடுவதேயில்லையாதலால், ஸ்டேஷனில் முறுக்கும் சுண்டலும் விற்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. ஏழைக்குப் பாதுகாப்பென்று செய்கிற சட்டத்திலேயே தண்டனை ஏழைக்கு மாத்திரம் என்றிருந்தால், அதை எழுதின கைகள் எப்படிப்பட்டவை என்பதை நாம் சொல்லவேண்டுமா?

இனி, எதிர்க்கட்சியார் சொல்லும் நியாயங்களையும் பார்ப்போம்.

முதலாவது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிறார்கள். சரி, ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போங்கள். ஓரத்தில் நிற்கும் மோட்டார் கார் ஒன்று ஏறக்குறைய 13 அடி நீளமும் 5, 6 அடி அகலமும் அடைத்துக்கொண்டிருக்கின்றது. அந்த இடத்தில் நான்கு கூடைக்காரிகள் உட்கார்ந்து நான்கு குடும்பங்களைக் காப்பாற்றலாம். அந்தக் கார் யாருக்கும் ஒன்றும் விற்பதில்லை. பெரும்பாலான தெருக்களில் நிற்பதற்கு ஒரு காசு கொடுப்பதுமில்லை. பெரிய கடைக்காரர் தன் வாசற்படியை நடைபாதையின் மேல் நீட்டியிருக்கிறார். அதற்குமேல் விளம்பரப் பலகை. அதற்குப் பக்கத்தில் ஜெனரேட்டர். கலியாணப் பந்தல் தெருவையே அடைக்கின்றது. இவற்றுக்கு லாரி வருவதுண்டா?

இது மாத்திரமா? நடைபாதையில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணியைச் சுற்றினால் அதை அசைக்க எந்தக் கமிஷனருக்கும் கை வருவதில்லை. அடுத்த வருஷம் அதற்கு உண்டியல் வருகின்றது. அதற்கு அடுத்த வருஷம் கூரை வருகின்றது. பிறகு கும்பாபிஷேகமே வந்துவிடுகின்றது. 2009 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டார், பொதுத் தெருவிலும் பூங்காவிலும் கோவில் என்றோ, சர்ச்சு என்றோ, மசூதி என்றோ, குருத்துவாரா என்றோ அனுமதியில்லாமல் ஒன்றும் கட்டவிடக் கூடாதென்று உத்திரவு போட்டார்கள். அந்த உத்திரவு எந்தெந்த ஊரில் எவ்வளவு நடந்திருக்கின்றது என்பதை அந்தந்த ஊர் நடைபாதையே சொல்லும். பசியில்லாத கல் நடைபாதையில் இருக்கலாம். பசியுள்ள மனுஷி இருக்கக் கூடாது! இதுதானா முனிசிபல் நிர்வாகம்?

நடந்து போகிறவர்களுக்கு வழி வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரித்துக் கூறவேண்டாம். கண் தெரியாதவர்களுக்கும், வயது சென்றவர்களுக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் நடைபாதையில் தாராளமாக வழி வேண்டியதுதான். கோடு போடுங்கள். இத்தனை அடி நடப்பதற்கு, இத்தனை அடி விற்பதற்கு என்று அளந்து விடுங்கள். இந்த நேரம் இவருக்கு, அந்த நேரம் அவருக்கு என்று முறை வையுங்கள். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கின்றது. அந்த ஒழுங்கை முதலில் வேண்டுகிறவர் தெரு வியாபாரிதான். கோடு இருந்தால் கோட்டுக்கு உள்ளே இருக்கிறவருக்கு மாமூல் கொடுக்கவேண்டிய அவசியமில்லையல்லவா? கோடு போடாமலிருப்பதில் யாருக்கு லாபம் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, அசுத்தம் என்கிறார்கள். குப்பைத் தொட்டி வைக்கவேண்டியது யார் வேலை? குழாய் போடவேண்டியது யார் வேலை? நாள் முழுவதும் தெருவில் இருக்கிற பெண்களுக்கு ஒரு கக்கூசாவது கட்டவேண்டியது யார் வேலை? இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்றும், செய்துகொடுக்கும் வசதிகளுக்குக் கட்டணம் கட்டவேண்டும் என்றும் சட்டம் வியாபாரிக்குக் கடமை விதித்திருக்கின்றது. அவர்கள் கொடுக்கத் தயார். வசதி எங்கே?

மூன்றாவது, வரி கட்டுகிற கடைக்காரர்களுக்கு இவர்களால் நஷ்டம் என்கிறார்கள். தினசரிச் சுங்கம் வரியல்லாமல் பிச்சையா? இவர்கள் வாங்கும் எண்ணெய்க்கும், சோப்புக்கும், பிளாஸ்டிக் வாளிக்கும் ஜி.எஸ்.டி. இல்லையா? அதோடு, 2020இல் ஊரடங்கு போட்டுக் கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தபோது, வீட்டு வாசலுக்குக் காய்கறி கொண்டுவர யாருக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்? இதே வண்டிக்காரர்களுக்குத்தானே! ஆபத்துக் காலத்தில் சேவகர், ஆபத்து நீங்கினால் ஆக்கிரமிப்புக்காரர் என்பது எந்த ஊர் நீதி?

நான்காவது, ஓரிடத்தில் கட்டடம் கட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். கேட்பதற்கு இது நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் தெரு வியாபாரம் என்பது, போகிறவர் வருகிறவர் கண்ணில் பட்டு நடப்பது. 20 ரூபாய்ப் பூவுக்காக மாடி ஏறுகிறவர் யார்? இதை யோசித்தே சட்டமும், வாங்குகிறவரும் விற்கிறவரும் வழக்கமாகக் கூடுகிற இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என்று ஒப்புக்கொள்ளுகின்றது. அப்படிப்பட்ட சந்தை 50 வருஷத்துக்கு மேல் நடந்து வந்திருந்தால், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாதென்றும் சொல்லுகின்றது. இடம் மாற்றியே தீரவேண்டுமென்றால், எங்கே என்பதை விற்கிறவர்களையும் கேட்டுத் தீர்மானிக்கவேண்டும். முதலில் இடம், பிறகு மாற்றம் என்பதுதான் முறை.

இந்த முறை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை மெரினா லூப் ரோடே சாட்சி. அந்த ரோடு நொச்சிக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களின் நடுவே போகின்றது. தலைமுறை தலைமுறையாய்க் கடலில் பிடித்ததைக் கரையில் விற்று வந்த குடும்பங்கள் அவை. கார்கள் அந்த வழியே பெருகினபின், மீன்கூடை இடைஞ்சலாயிற்று. 2023 ஏப்ரலில் ஐக்கோர்ட்டார் தாமாகவே அந்த விஷயத்தை எடுத்துக்கொண்டதன் பேரில் மாநகராட்சி கடைகளை அகற்றப் புகுந்தது. மீனவர்கள், விசேஷமாக மீன் விற்கும் பெண்கள், ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் அங்கேயே புது மீன் மார்க்கெட்டு திறக்கப்பட்டது. நாம் கேட்பது இதுதான்: மார்க்கெட்டு முதலில் வந்து, அகற்றல் பிறகு வந்திருந்தால், அந்தப் பெண்கள் வெய்யிலில் ரோட்டில் கிடந்திருக்கவேண்டுமா? அவர்கள் ஒன்றாக உட்கார்ந்திராவிட்டால் கதை எப்படி முடிந்திருக்கும் என்பதைத் தெருக்கடைக்காரத் தோழர்கள் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கவேண்டும்.

இனி, அத்தோழர்களுக்கே ஒரு வார்த்தை. லாரி போனபிறகு அவர்களில் பலர் சொல்லுவதைக் கேட்டால் நமக்கு வருத்தமும் கோபமும் வருகின்றன. “எல்லாம் தலைவிதி” என்கிறார்கள். “சனி பிடித்திருக்கின்றது” என்கிறார்கள். செவ்வாய், வெள்ளியில் வண்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தோழர்களே! உங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு போனது சனியல்ல. அந்த லாரிக்கு நம்பர் இருக்கின்றது. அதை அனுப்ப ஒருவர் உத்திரவு எழுதியிருக்கிறார். அந்த உத்திரவின் கீழ் ஒரு கையெழுத்து இருக்கின்றது. கிரகத்தை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்த முடியாது. கையெழுத்துப் போட்டவரை நிறுத்தலாம். விதி என்று நீங்கள் சொல்லுகிற வரையில், அந்தக் கையெழுத்துக்காரர் சுகமாகத் தூங்குவார். அவருக்கு இதைவிடச் செலவில்லாத பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்? அந்த எலுமிச்சம்பழத்தை விற்றுக் காசாக்கி, சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணேறு கழிகிறதோ இல்லையோ, இன்ஸ்பெக்டரின் கண் கொஞ்சம் தணியும்.

ஆகவே செய்யவேண்டியவை இவை. ஒவ்வொரு தெருவிலும் விற்கிறவர்கள், என்ன ஜாதி, என்ன மதம், பூக்காரரா, மீன்காரரா என்று பார்க்காமல், ஒரே சங்கமாகச் சேரவேண்டும். முனிசிபாலிட்டிக்கு எழுத்து மூலம் போய், எங்கள் ஊர்க் கணக்கெடுப்புப் பட்டியல் எங்கே, விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் எப்போது என்று கேட்கவேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கின்றது. பதில் சொல்லமாட்டேன் என்று அவர்கள் சும்மா இருந்துவிட முடியாது. சாமானை எடுக்க வந்தால் முதலில் 30 நாள் நோட்டீசைக் கேளுங்கள். எடுத்தால் ஜாபிதாவைக் கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து நின்று கேளுங்கள். குத்தகைக்காரரின் ஆள் கொடுக்கும் சீட்டில் தொகையும் தேதியும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். கொடுத்த சீட்டுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். நீங்கள் ஆக்கிரமிப்புக்காரரல்லர், வாடகை கொடுத்தவர் என்பதற்கு அந்தக் கம்பியைவிடப் பெரிய சாட்சி வேறு வேண்டியதில்லை. பெண்கள் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தங்கள் புருஷன்மாருக்கும் தம்பிமாருக்கும் விட்டுக்கொடுக்காமல், தாங்களே போய்க் குழுவில் உட்காரவேண்டும்.

மற்ற வாசகர்களுக்கும் வேலை இருக்கின்றது. கவுன்சிலர்கள் கும்பிடு போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்க வரும்போது, “2014ஆம் வருஷச் சட்டப்படி நம் வார்டில் எத்தனை பேருக்கு இடம் கொடுத்திருக்கிறீர்?” என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பெரிய கடையில் விலைச் சீட்டைப் பார்த்து வாய் பேசாமல் கொடுத்துவிட்டு, கீரைக்காரியிடம் 5 ரூபாய்க்கு அரைமணி பேரம் பேசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். லாரி வரும் நாளில் வேடிக்கை பார்க்காமல் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். நாலு படித்தவர்கள் நின்று “ஜாபிதா எங்கே?” என்று கேட்டால், லாரிக்காரர் ஜாபிதா எழுதுவார், அல்லது லாரியைத் திருப்புவார். இரண்டில் எதுவானாலும் நமக்குச் சம்மதமே.

நாம் முனிசிபாலிட்டிகளிடம் தயவு கேட்கவில்லை. அவர்கள் சட்டத்தை மீறவேண்டாம் என்றுதான் கேட்கின்றோம். தெருவில் விற்கிறவள் ஒரு அடி கோட்டைத் தாண்டினால் சட்டம் என்கிறார்களே, அவர்கள் மாத்திரம் சட்டம் முழுவதையும் தாண்டலாமா? வாடகை வாங்குவதானால் இடம் கொடுங்கள். இடம் கொடுக்க முடியாதென்றால் வாடகையைத் தொடாதீர்கள். காலையில் ரசீதும் மாலையில் லாரியும் ஒரே வாசலிலிருந்து புறப்படுகிற வரையில், அந்த வாசலுக்குப் பெயர் முனிசிபாலிட்டி என்று எழுதியிருந்தாலும், அங்கே நடப்பது பகற்கொள்ளை என்றே நாம் சொல்லுவோம்.